வெண்குடையார் வீட்டுக் கல்யாணம்

வெகு காலத்துக்கு முன்பு மருங்கூர்ச் சீமையை வீரசேகரக் கரைகாத்தார் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார்; மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதை மறந்துவிடுவார். குடிமக்களும் பழகிப்போய், எந்தச் சட்டமானாலும் சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மதித்தார்கள்.

அவருக்கு மந்திரி நாகலிங்க உப்பளத்தார். முன்னோர்கள் உப்பு விளைவித்தவர்கள். சபையில் ராஜாவுக்கு வலப்பக்க ஆசனம் அவருடையது. அந்த ஆசனத்தின்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர் விருத்தகிரி வெண்குடையார். பெரிய பணக்காரர், வம்சப் பெருமையை ஆரம்பித்தால் கேட்கிறவர் தூங்கினாலும் விடமாட்டார்.

ஒருநாள் ராஜாவின் காலைப் பொங்கலில் உப்பு கரித்துவிட்டது. முகத்தைச் சுளித்தபடியே சபைக்கு வந்தார். வெண்குடையார் சமயம் பார்த்துப் பற்றவைத்தார்.

"மகாராஜா, உப்பு மிஞ்சினால் எங்கேயும் தொல்லைதான். பொங்கலிலும் சரி, சபையிலும் சரி. செய்த தொழிலையே பெயராகச் சுமக்கிறவர் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அயல்நாட்டுத் தூதர்கள் சிரிக்கிறார்கள்."

"உம்முடைய பெயர் மட்டும் எப்படி வந்ததாம்?" என்றார் ராஜா.

"என் மூதாதைக்குத் தங்கள் மூதாதை வெண்குடை தந்து கௌரவித்தார், மகாராஜா! அந்தக் குடை நிழலில் அவர் ராஜநடை நடந்தார். தொழிலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம்."

கரித்த நாக்கோடு இருந்த ராஜா யோசிக்கவில்லை. "வருகிற பௌர்ணமி முதல், தொழிலால் பெயர் பெற்றவர் யாரும் சபையில் உட்காரக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்கட்டும். உப்பளத்தாரே, நீரும்தான். அந்த ஆசனம் வெண்குடையாருக்கு!"

ராஜாவின் மறதி வெண்குடையாருக்குத் தெரியாதா? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சட்டத்தைச் செப்பேட்டில் வெட்டவைத்துவிட்டார். மந்திரியின் ஆசனம் போனது போலத்தான்.

உப்பளத்தார் கைகூப்பினார். "உத்தரவு, மகாராஜா. ஒரு விண்ணப்பம். பௌர்ணமிக்கு முன்னாலேயே வெண்குடையார் மகனுக்குக் கல்யாணம் வருகிறது. அவ்வளவு பெரிய வம்சத்துக் கல்யாணத்துக்குத் தாங்களே எழுந்தருள வேண்டும்."

வெண்குடையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்முடைய மூத்த மகள் கல்யாணத்துக்கும் மந்திரி வந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனவர் என்பது அப்போது அவருக்கு நினைவு வரவில்லை.

கல்யாணத்தன்று ராஜா பந்தலுக்குள் நுழைந்தார். மணமேடைக்குப் பக்கத்தில் உயரமான ஆசனம் ஒன்று, மேலே வெற்றிலை பாக்குத் தட்டோடு காலியாக இருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டார் ராஜா.

"எங்கள் மூதாதை வந்து அமர்கிற இடம், மகாராஜா. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தலைமுறை தலைமுறையாகப் போடுகிறோம்."

"மகாராஜா அதில் அமர்ந்தால் மூதாதைக்கும் பெருமைதானே?" என்றார் மந்திரி.

"அதைவிடப் பாக்கியம் உண்டா!" என்று வெண்குடையாரே ராஜாவை உட்காரவைத்து, தட்டை அவர் மடியில் வைத்தார்.

முகூர்த்தம் நெருங்கியது. "அண்ணா, நேரமாச்சு! வழக்கத்தை விட்டா ஆகாது" என்று வெண்குடையாரின் தங்கை குரல் கொடுத்தாள். வெண்குடையார் செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டினார். ஆசனத்துக்குப் பின்னால், இடப்பக்கமாக ஒதுங்கி நின்று, வெள்ளைக் குடையை விரித்துப் பிடித்தார். குடையின் நிழல் ராஜாவின் தலையில் விழுந்தது.

ராஜா நிமிர்ந்து குடையைப் பார்த்தார். திரும்பி, பிடித்திருந்தவரைப் பார்த்தார். "என்ன ஓய் இது?"

"வழக்கம், மகாராஜா... பரம்பரையாக..." வெண்குடையாரின் குரல் தேய்ந்தது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் தாலி ஏறும்வரை குடையை இறக்கக் கூடாது. இறக்கினால் மகனுக்கு ஆகாது. குடையைப் பிடித்தபடியே நின்றார், பாவம்.

தாலி ஏறியது. வழக்கப்படி அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு, ஆசனத்துக்கு முன்னால் வந்து இரு கைகளையும் ஏந்த வேண்டும். ஏந்தினார். ராஜா மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துப் போட்டார்.

"மூதாதை ஆசனத்தில் இருந்தவராக இருந்தால், பிள்ளைகள் ஏன் செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, கூலி வெற்றிலை வாங்குகிறார்கள்?" என்றார் மந்திரி. "வாய்தான் கதையை மாற்றியிருக்கிறது, மகாராஜா. கை மாற்றவில்லை."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்படியானால் இவரும் வாசலுக்கு வெளியே! சபையில் நான் மட்டும் இருப்பேன்."

மந்திரி மறுபடியும் கைகூப்பினார். "பட்டமேறிய அன்று தாங்கள் முதலில் என்ன செய்தீர்கள், மகாராஜா?"

"பெரிய ஏரிக்குப் போனேன். ஒரு கூடை மண்ணைத் தலையில் சுமந்து கரையில் கொட்டினேன். எங்கள் வழக்..."

கரைகாத்தார் என்ற தம்முடைய பெயரே காதில் விழுந்தது போல ராஜா நிறுத்திவிட்டார். பந்தலில் மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். மந்திரியின் தலை போகப்போகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ராஜா கிரீடத்தைக் கழற்றி, உச்சந்தலையைத் தடவிக்கொண்டே அரண்மனைக்குப் போனார்.

பௌர்ணமியன்று பழைய செப்பேடு உலைக்குப் போயிருந்தது. சபைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அவர் குடும்பம் செய்த வேலையைச் சொல்லியே கட்டியங்காரன் அறிவிக்க வேண்டும் என்பது புது உத்தரவு.

"உப்பு விளைவித்தார் வருகிறார்!" மந்திரி வந்து தம்முடைய வலப்பக்க ஆசனத்தில் அமர்ந்தார்.

"குடை பிடித்தார் வருகிறார்!" வெண்குடையார் தலையைக் குனிந்தபடி கடைசி வரிசைக்குப் போனார்.

கடைசியாக ராஜா வந்தார். கட்டியங்காரனுக்குத் துணிவு வரவில்லை. "ராஜாதி ராஜ, ராஜமார்த்தாண்ட..." என்று பழைய பாட்டைத் தொடங்கினான்.

ராஜா வாசலிலேயே நின்றார். "எல்லாருக்கும் சொன்னது போல எனக்கும் சொல். சத்தமாகச் சொல்."

"மண் சுமந்தார் வருகிறார்!"

சபை முழுக்க எழுந்து நின்றது. முதலில் எழுந்தவர் கடைசி வரிசையில் இருந்த வெண்குடையார். ஜனங்கள் வழக்கம்போலச் சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தார்கள்; அந்த உத்தரவை ராஜா மறக்கவில்லை.