எடுக்காத பால் பாக்கெட்

"படிக்க ஆளில்லாத அறிக்கைய யாருக்குங்க அம்மிணி எழுதறது?"

ஆடிட்டர் செல்வநாயகி நீட்டிய பேனாவை ஆறுச்சாமி வாங்கவில்லை.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவளுக்கு அதில் பாதி இருக்கும். ஆனாலும் கம்பெனி விஷயத்தில் அவள் சொல்தான் அவருக்கு வேதம். அன்று மட்டும் முரண்டு பிடித்தார்.

ஊரார் நூற்றைம்பது பேர் பங்கு போட, அவர் முன்னின்று தொடங்கிய பம்பு கம்பெனி அது. பிள்ளையில்லாத அவருக்கு அதுதான் பிள்ளை. ஆண்டறிக்கையைத் தபாலில் அனுப்பினால் பாதி உறைகள் 'இந்த முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தன. கடைசிப் பொதுக்கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போட்டார். வந்தது ஐந்து பேர். போண்டா தீர்ந்தது, அறிக்கையை ஒருவரும் பிரிக்கவில்லை.

அதையெல்லாம் கொட்டித் தீர்த்தார். மனைவி போனபிறகு அவர் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

இரண்டு வருஷமாக அறிக்கை போகவில்லை. இந்த மாதமும் போகாவிட்டால் பதிவேட்டிலிருந்து கம்பெனியின் பெயரையே அடித்துவிடுவோம் என்று கம்பெனிப் பதிவாளரிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. செல்வநாயகி அதை எடுத்துக் காட்டவில்லை.

அவர் வீட்டுக்குப் பால் எப்படி வருகிறது என்று கேட்டாள்.

விடிகாலையில் கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்றார்.

"நாளைக்கு அத எடுக்காதீங்க. உள்ளயே இருங்க."

"எதுக்குங்க?"

அவள் அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டாள்.

மறுநாள் அவர் பாலை எடுக்கவில்லை. வரக்காப்பி போட்டுக் குடித்தார்.

ஆறு மணி. ஏழு மணி.

யாராவது வருவார்களா என்று காது வாசலிலேயே இருந்தது. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

எட்டு ஆனது. இந்தப் பெண் பேச்சைக் கேட்டுப் பால் கெட்டதுதான் மிச்சம் என்று நினைத்தார். நாம் செத்துக் கிடந்தாலும் காலை இப்படித்தான் போகும் என்றும் நினைத்தார்.

எட்டரைக்கு யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண். மூன்று வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் ஒட்டிய தோசை மாவோடு, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் ஆறு மணிக்கெல்லாம் பை காலியாயிருமுங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் அடுப்பே பத்த வெப்பேன்."

அவர் கேட்டுக்குப் போய்ப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார்.

பத்து மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ் திறக்கும்போது ஆறுச்சாமி வாசலில் நின்றிருந்தார். உட்காருவதற்கு முன்பே பேனாவுக்குக் கை நீட்டினார்.

"யாருங்க வந்தது?" என்று கேட்டாள் செல்வநாயகி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடினார்.

"பேரு தெரியலீங்க அம்மிணி."