ஜப்பான் டிவியில் ஒரு பள்ளம்

இறாலின் தலையைத் திருகிப் போட்டபடியே ஜுலைகா சொன்னாள்.

"இனி அந்த ஆட்டத்தைக் கையால தொடமாட்டேன் லாத்தா."

எதிரே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தவள் நூர் ஜமீலா. அந்தக் கடலோரத் தெருவில் வீடியோ கேம் ஆடும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ஆசான். வயதில் ஜுலைகாவுக்கு இளையவள். ஆனாலும் ஆசானைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வருமா? லாத்தா என்று சொல்லியே அவளை அக்காவாக்கி வைத்திருந்தாள் ஜுலைகா.

"ஏன், என்ன ஆச்சு?"

"காலையில சுபைதா வீட்டுல ஒத்திகை பார்த்தோம். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மறுபடியும் அதே பள்ளம். 'தாலாட்டுற கைக்குக் கோப்பை எதுக்குடி'ன்னு சுபைதா சிரிக்கிறா."

பெருநாள் போட்டியின் கடைசி ஆட்டம் அன்று சாயங்காலம். ஜுலைகாவும் சுபைதாவும்தான் மிச்சம். அதுவரை ஆடியதெல்லாம் ஊர் டிவியில். கடைசி ஆட்டம் மட்டும் சுபைதா வீட்டுப் பெரிய டிவியில்.

"உன் வீட்டுல விழுவியா?"

"கண்ணை மூடிட்டுத் தாண்டுவேன். அவ அண்ணன் டிவி, மிஷின், கேசட் எல்லாமே ஜப்பான்ல இருந்து கொண்டாந்திருக்காரு. அதே ஆட்டம்தான். பேய் பிடிச்ச மாதிரி ஓடுது."

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நம்ம ஊர் டிவி நொடிக்கு அம்பது தடவை படம் போடும். அவங்க ஊர் டிவி அறுபது தடவை. ஒவ்வொரு படத்துக்கும் ஆட்டம் ஒரு அடி வைக்குது. இங்கே வந்ததும் அதோட நடை தளர்ந்து போச்சு."

"அப்ப நான் இத்தனை நாளாக் கத்துக்கிட்டது?"

ஜமீலா உரித்த இறாலைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"பள்ளத்தை எப்படித் தாண்டுவே?"

"ஆட்டத்துப் பாட்டை வாய்க்குள்ளேயே முனகுவேன். ஒரு இடத்துல இழுவை வரும். அங்கே பட்டனை அமுக்குவேன்."

"பாட்டுதான் டிவியிலேயே வருதே?"

"சத்தத்தை அணைச்சிட்டுத்தானே ஆடுவேன். புள்ளை முழிச்சுக்குமே. காலையிலயும் அப்படித்தான்."

ஜமீலா கையைக் கழுவினாள்.

"கல்யாணப் பாட்டு ஒண்ணு பாடு."

"இப்பவா? இறால் நாத்தத்துலயா?"

"பாடு."

ஜுலைகா பாடினாள். கல்யாண வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து தட்டுவதுபோல ஜமீலா கை தட்டினாள். முதலில் மெல்ல. அப்புறம் கொஞ்சம் விரசாக. அப்புறம் இன்னும்.

பாட்டு முடிந்தபோது ஜுலைகாவுக்கு மூச்சு வாங்கியது.

"வேகமாப் பாடுன்னு நான் சொன்னேனா?"

"இல்லையே. கைத்தட்டு ஓடுச்சு, பாட்டும் கூடவே ஓடுச்சு."

ஜமீலா அடுத்த இறாலை எடுத்தாள்.

ஜுலைகா எடுக்கவில்லை. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"லாத்தா."

"ம்."

"மிச்சத்தை நீங்களே உரிச்சுக்குங்க."

சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். சுபைதா முதலில் ஆடினாள். பனிமலை வரைக்கும் போய் அங்கே விழுந்தாள்.

"வா மச்சி. உனக்காக டிவியைத் தொட்டில்ல போட்டு ஆட்டட்டுமா?"

கூடமே சிரித்தது.

"வேண்டாம் மச்சி. சத்தத்தை மட்டும் நல்லாக் கூட்டி வை."

பாட்டு கொட்டியது. ஜுலைகா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பள்ளம் வந்தது.

தாண்டினாள்.

அடுத்ததையும் தாண்டினாள். பாலம் போயிற்று, காடு போயிற்று. பனிமலை வந்தபோது பெண்கள் எழுந்து நின்றார்கள். மலையையும் தாண்டியபோது யாரோ குரவை விட்டாள். கூடம் முழுக்கக் குரவை எழும்பியது.

சுபைதா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில விழுந்த கைதானேடி இது? என்னதான் பண்ணுனே?"

"கை ஒண்ணும் பண்ணலை மச்சி. நான் வாயை மூடினேன். அப்பத்தான் டிவி என்ன வேகத்துல பாடுதுன்னு..."

"ஏ ஜுலைகா! கோப்பையைத் தூக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? ஓடி வா!" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்.