பட்டியலில் இல்லாத மூட்டை

ஏரியில் பனி இறங்கியிருந்தது. அக்கரை தெரியவில்லை. இக்கரையும் பாதிதான் தெரிந்தது.

வடிவாம்பிகை அம்மாவைத் தேடி மாசிலாமணி வந்திருந்தார். சீடர்தான், ஆனால் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஊழியர் விவரங்கள் ஒரு நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சிக்கலில்லாமல் போகப் பொது விதிகள் எழுதுவது அவர் வேலை. அடுத்த இருபது வருஷத்துக்கான திட்டம் பையில் இருந்தது. தூக்கம்தான் போயிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"இரண்டு ஆஸ்பத்திரிகளை ஒன்றாக்கினார்கள் அம்மா. இசக்கியம்மாள் என்று ஒரு நர்ஸ். பழைய பதிவில் வெறும் கு. இசக்கியம்மாள். புது மென்பொருள் குடும்பப் பெயர் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? பதிவு உள்ளேயே போகவில்லை. பன்னிரண்டு வருஷ சர்வீஸ் காணோம். நேற்றுச் சேர்ந்தவளாம். வர வேண்டிய தலைமை நர்ஸ் பதவி கைநழுவப் போகிறது."

"விதி யாருடையது?"

"என்னுடையது. படிவத்தின் கட்டத்தில் அடங்காததை விட்டுவிடு என்று நான்தான் எழுதினேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது."

"இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"கட்டங்களை நானூறாக்கிவிட்டேன். இருபது வருஷத்துக்கு எது வந்தாலும் அடங்க வேண்டும். அடங்குமா அம்மா?"

அம்மா ஒரு தாளை நீட்டினார். "அக்கரைக்குச் சாமான் போகணும். இதைப் பார்த்துப் படகில் ஏற்றுங்கள்."

அரிசி, விளக்கெண்ணெய், நான்கு போர்வை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றினார். மனுஷர் வேலையில் கெட்டி, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். படகு கிளம்பியது. பனிக்குள் துடுப்புச் சத்தம் யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் கேட்டது.

நடு ஏரியில் அம்மா துடுப்பை நிறுத்தினார்.

"கரையில் ஏதாவது விட்டீர்களா?"

"ஒரு துணி மூட்டை. பட்டியலில் இல்லை."

அம்மா படகைத் திருப்பினார். இறங்கிப் போய் மூட்டையைத் தூக்கிவந்து மாசிலாமணியின் மடியில் வைத்தார். மறுபடியும் பனிக்குள் போனார்கள்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. "உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பிறகு எதற்கு அம்மா இதைச் சுமக்கிறோம்?"

"உள்ளே என்னவென்று தெரிந்தவர் அக்கரையில் காத்திருக்கிறார்."