பூங்கோதையோட பெரிய ஸ்டெப்னி

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். அந்த வீட்டுக்கு நாலு சக்கரமாம்.

"வீட்டுக்கா?"

ஆமா கண்ணு. நாமக்கல்லுல பூங்கோதைன்னு ஒருத்தி, பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ள கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வெச்சு வீடாக்கிட்டா. கோடியக்கரைக்குத் தனியா ஓட்டிட்டுப் போயி பூநாரை பாக்கணும்னு அவளுக்கு ஆசை. பங்குனி வெயில் ஏறுச்சுன்னா பறவையெல்லாம் கிளம்பிரும். அங்க சேறுன்னு நாலு சக்கரத்தையும் பெருசா மாத்திட்டா. அப்போ, டயர் பஞ்சரானா மாத்துற ஸ்டெப்னியும் பெருசாத்தான வேணும்?

"சின்னதே இருந்தா என்ன?"

ஒரு கால்ல உன் செருப்பு, இன்னொரு கால்ல உங்கப்பா செருப்பு போட்டு நடந்து பாரு, தெரியும்.

அவ அம்மா பாவாயி கறாராச் சொல்லிட்டா: "ஸ்டெப்னி இல்லாம வண்டி வாசலைத் தாண்டாது. அதையும் நீயே ஒத்தையாக் கழட்டி மாட்டிக் காட்டணும்."

பட்டறை ராசண்ணன் சிரிச்சாரு. "பொம்பளப்புள்ள கையைக் காட்டுனா நாலு வண்டி நிக்கும். ஸ்டெப்னி எதுக்கு அம்மிணி?"

"நாலு வண்டி நிக்கும்னுதாங்ணா ஸ்டெப்னி வேணும்"னா பூங்கோதை.

ம் சொல்லு.

"ம்."

அப்புறம், வண்டிக்கு அடியில பழைய ஸ்டெப்னி தொங்குன இடத்துலயே இதையும் மாட்டுனாங்க. முதல் வேகத்தடையிலயே டர்ர்ர்ர்! ரோட்டைச் சொறிஞ்சுது.

அப்புறம் கூரை மேல. மூணு ஆளு தம் கட்டி ஏத்துனாங்க. இவ ஒத்தையா இறக்கப் போனா, கடகடகட... தொம்! தண்ணித் தொட்டி ரெண்டாப் பொளந்துது.

அப்புறம் பின்கதவுல போல்ட்டு போட்டு மாட்டுனாங்க. கிரீச்ச்ச்! ஆடுற பல்லு மாதிரி கதவு தொங்கிருச்சு.

"விட்ரு அம்மிணி, பங்குனி பொறக்கப் போகுது"ன்னாரு ராசண்ணன். பூங்கோதைக்கு அழுகை முட்டுச்சு. சண்டை போடலாம்னா, டயருகூட என்னன்னு சண்டை போடறது?

அப்போ பாவாயி இடுப்புல குடத்தோட வந்தா. வீட்டு வாசல்ல அம்மாம்பெரிய இரும்பு கேட்டு. முழங்கையால ஒரு தள்ளு, தொறந்துக்குச்சு. பூங்கோதை அப்படியே நின்னுட்டா. இத்தனை கனம், இத்தனை லேசா எப்படிப் போகுது? குனிஞ்சு பாத்தா. கேட்டு சுவர்ல தொங்கல; தூண்ல தொங்குது!

"ராசண்ணா! கதவு நம்ம வண்டிக்குச் சுவரு. அடிச்சட்டந்தான் தூணு!"

"ம்?"

வண்டி மொத்தத்தையும் தாங்குற இரும்புச் சட்டந்தான் கண்ணு அடிச்சட்டம். பின்னாடி அதுல கீல் வெச்சு, கேட்டு மாதிரி தொறக்கற இரும்புக் கை ஒண்ணு வெல்டிங் பண்ணுனாங்க. முழங்கால் உசரத்துல டயரு. கட்டில் பலகையைச் சாய்ச்சு வெச்சா, உருட்டி இறக்கலாம், உருட்டி ஏத்தலாம். தூக்கவே வேண்டாம்.

பாவாயி நாற்காலி போட்டு உக்காந்தா. பூங்கோதை ஜாக்கி வெச்சா, போல்ட்டைக் கழட்டுனா, உருட்டுனா, மாட்டுனா. பாதியில ராசண்ணன் கை கொடுக்க வந்தாரு.

"கையை எடு ராசு"ன்னா பாவாயி.

கடைசி போல்ட்டும் இறுகுச்சு. பாவாயி போயி டயரை ஒரு உதை உதைச்சுப் பாத்தா. அசையல.

"சரி, போயிட்டு வா."

பூங்கோதை மனசுக்குள்ள இன்னும் ஏழு வாதம் தயாரா இருந்துது. ஒண்ணுக்கும் வேலையில்லாமப் போச்சு!

"பறவை இருந்துச்சா?"

இருந்துதே! தண்ணி பூரா ரோசாப்பூ கொட்டுன மாதிரி. அத்தனையும் ஒத்தைக் கால்ல நின்னுச்சு. இன்னொரு கால் எங்கேன்னு பூங்கோதை உத்துப் பாத்தா. வயித்துக்கடியில, றெக்கைக்குள்ள, பத்திரமா மடிச்சு வெச்சிருந்துதுங்க ஸ்டெப்னியை!

கதை வண்டி நின்னுருச்சு, விளக்கையும் அணைச்சாச்சு. கண்ணை மூடு கண்ணு.