சீமைப் பெட்டியில் ஒரு விருந்து

ஜமீன்தார் மருதப்பர் அந்தச் சித்திரவேலை மரப்பெட்டியின் கிட்டே யாரையும் விடமாட்டார். "முந்நூறு வருஷத்துச் சீமைப் பெட்டி! லண்டனில் நானே வாங்கினேன்!" மூடி முழுக்கத் துரைமார் விருந்து செதுக்கியிருந்தது.

ஒருநாள் வேலைக்காரி ராக்காயி துடைக்கும்போது ஒரு துரையின் தொப்பி கையோடு வந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் ஜமீன்தார் தாம்தூம் என்று குதித்தார்.

"லண்டன் தச்சனைக் கூட்டிவந்து ஒட்டு! இல்லாவிட்டால் உனக்கு வேலை கிடையாது!"

"லண்டன் எதுக்குங்க எசமான்? பக்கத்து ஊர்த் தச்சனே போதும்."

"என்னடி திமிர்!"

"தினமும் துடைக்கிறேனுங்களே. துரைங்க அத்தனை பேருக்கும் வாழையிலை போட்டிருக்கு. நுனிகூட இடதுகைப் பக்கம்தான்."

விருந்தாளிகள் பெட்டியைச் சூழ்ந்து குனிந்தார்கள். ஜமீன்தார் தோள்துண்டை உருவி மூடிமேல் போடுவதற்குள் ஒருவர் கத்திவிட்டார்: "அடடே, அப்பளமும் இருக்கே!"