இருநூற்றுப் பத்தொன்பதாம் உருப்படி

வேலமங்கலம் மடத்துக் காட்சிசாலைக்குக் காவல் மூன்று பேர். மூத்தவர் கயிலாயம். அவருக்குத் துணை ஆண்டியப்பனும் சிற்றம்பலமும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் மடம் பிழைத்திருக்கும். கொடுத்து வைக்கவில்லை, என்ன செய்ய!

உள்ளே என்னதான் இல்லை? சோழர் காலத்து நடராசர், தஞ்சாவூர்ப் படம், சீனத்து ஜாடி, டச்சுக்காரன் கடிகாரம், ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி என்று இருநூற்றேழு உருப்படி. ஒவ்வொன்றிலும் எண் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

சிதம்பரத்துக்குக் கிளம்பிய மடத்துத் தலைவர், அதாவது சந்நிதானம், கயிலாயத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சீட்டு இல்லாதது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சீட்டு ஒட்டினது எதுவும் வெளியே போகக் கூடாது. ஒண்ணு பிசகினாலும் உனக்கு வேலை கிடையாது."

கயிலாயத்தின் வீட்டில் ஆறு பேர் இந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். உடனே பசைச் சட்டியைத் தூக்கிவிட்டார்.

மூலையில் விளக்குமாறு சீட்டில்லாமல் கிடந்தது. ஒட்டினார்கள், இருநூற்றெட்டு. சுவரில் ஒரு பல்லி. அதைப் பிடிக்கப் போய் வால்தான் கையில் மிஞ்சியது. 'பல்லி வால் ஒன்று, உடம்பு காணோம்' என்று எழுதி இருநூற்றொன்பது போட்டார்கள்.

பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் கயிலாயத்துக்கு உயிரே போய்விட்டது. உள்ளே மூன்று பேர், சீட்டில்லாமல்!

கண்ணாடி மேல் ஒட்டிப் பார்த்தார்கள். அந்த ஆட்கள் நகர்ந்துகொண்டார்கள். ஆண்டியப்பன் வெகுநேரம் யோசித்தான். "அண்ணே, நாம செய்யறதையேதான் அவங்க செய்யறாங்க. நாம ஒட்டிக்கிட்டா அவங்களும் ஒட்டிக்குவாங்க."

மூவரும் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களும் மரியாதையாக ஒட்டிக்கொண்டார்கள். கயிலாயத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் வீட்டுக்குப் போக முடியுமா? சீட்டு ஒட்டியாயிற்றே. மடைப்பள்ளிச் சோறு ஜன்னல் வழியாக வந்தது. இரண்டு நாளில் எச்சில் இலை ஆறு, இருநூற்றுப் பதினெட்டு வரைக்கும்.

மூன்றாம் நாள் சந்நிதானம் திரும்பி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூவரும் திகைத்தார்கள். சீட்டில்லாமல் வந்துவிட்டாரே! வெளியே தள்ளினால் பாவம் என்றான் சிற்றம்பலம். அவர் வாயைத் திறக்குமுன் விபூதிக்கு மேலேயே ஒட்டிவிட்டார்கள்: 'இருநூற்றுப் பத்தொன்பது. சந்நிதானம் ஒன்று. எண்பது வருடப் பழசு. முன்பல் இரண்டு இல்லை. மற்றபடி நல்ல நிலை.'

ஆண்டியப்பன் கதவைத் தாழிட்டான். சந்நிதானம் கதவைக் காட்டிக் கத்தினார்.

"கயிலாயம், இந்த நிமிஷத்திலேருந்து உனக்கு வேலை இல்லை. வெளியே போடா."

கயிலாயம் கைகட்டி, வாய்பொத்தி நின்றார். கண் கலங்கிவிட்டது.

"போயிடுவேன் சந்நிதானம். ஆனா நான் இருநூத்திப் பத்தாம் உருப்படி. ஒட்டினது வெளியே போகக் கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க?"

சந்நிதானம் நெற்றியைச் சுருக்கி அவரையே முறைத்தார். சிற்றம்பலம் பசைச் சட்டியோடு பணிவாக அருகில் வந்தான்.

"நெத்தியைச் சுருக்காதீங்க சந்நிதானம். இன்னும் காயலை."