முதுகுப் புண்ணுக்கு ஒரு சபை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கொற்றையூர் நாட்டை வீரவிசையன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான். சத்தம் தாங்கவில்லை என்று அரண்மனைக் கிளிகளுக்கு மௌன விரதம் விதித்தவன் அவன்.

அவனிடம் படைப் பேரேட்டு அதிகாரியாக இருந்தவர் மார்த்தாண்டராயர். படையிலிருந்து ஓய்ந்தவர்களில் யாருக்கு மானிய நிலம், யாருக்கு இல்லை என்று எழுதுவது அவர் வேலை. எழுத்தாணி குத்திய காயம் தவிர வேறு காயம் அவர் உடம்பில் கிடையாது. இப்படிப்பட்டவர்கள்தான் எந்தக் காலத்திலும் அடுத்தவன் காயத்தை அளக்க வருகிறார்கள்.

ராஜாவின் பாட்டன் போட்ட விதி ஒன்று இருந்தது. மார்பில் புண்பட்டவனுக்கு ஆயுள் வரைக்கும் நிலம். முதுகில் புண்பட்டவன் பயந்து ஓடியவன். அவனுக்கு ஒன்றும் இல்லை.

உய்யக்கொண்டான் என்ற கிழவனுக்கு முதுகு முழுக்கத் தழும்பு. கோட்டைச் சண்டையில், மதிலேறும் வீரர்களுக்குக் கீழே நின்று ஏணி பிடித்தவன். ராயர் தழும்பைப் பார்த்தார், 'ஓடியவன்' என்று எழுதினார், முடிந்தது. நிலம் போனதைக்கூடக் கிழவன் பொறுத்துக்கொண்டான். சொந்த ஊரில் தேர்வடம் பிடிக்கப் போனபோது, "ஓடினவன் கை வடத்துல படக்கூடாது" என்று தள்ளிவிட்டார்கள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஏழு வருஷம் அரண்மனைக்கு நடந்தான்.

எட்டாம் வருஷம் மந்திரி தாண்டவமூர்த்தி அவனைச் சபைக்கே அழைத்து வந்துவிட்டார்.

ராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, மந்திரியாருக்கு இப்போது ஓடினவர்கள் சகவாசம்" என்றார்.

"பாட்டன் விதியை நான் மீறமாட்டேன்" என்றான் ராஜா.

"மீற வேண்டாம் மகாராஜா. ஏணி பிடிக்கிற வேலை எப்படிப்பட்டது என்று ஒருமுறை பாருங்கள், போதும். ராயரே பிடித்துக் காட்டட்டும்" என்றார் மந்திரி.

"இதற்கு என்ன வித்தை வேண்டும்? எதிரியைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திப் பிடிப்பேன்" என்றார் ராயர்.

"அப்படியானால் நான் ஏறுகிறேன்" என்று ராஜா எழுந்துவிட்டான். விளையாட்டு என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

கோட்டை மதிலில் ஏணியைச் சாய்த்தார்கள். மந்திரி ஒரு குடத்தோடு படிவழியாக மேலே போய் நின்றுகொண்டார். ராயர் மதிலைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். ராஜா பாதி ஏறியதும் ஏணிக்கால் வழுக்கிப் பின்னால் நகர்ந்தது.

"யோவ், விட்டுவிடாதே" என்று ராஜா அலறினான்.

ராயருக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டென்று திரும்பி, முதுகை ஏணிக்குக் கொடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றிக் குனிந்தார். ஏணி அசையாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து மந்திரி குடத்தைக் கவிழ்த்தார். குடம் நிறைய கேழ்வரகுக் கூழ். அத்தனையும் ராயர் முதுகில்.

"மகாராஜா, ராயர் எதிரிக்கு முதுகைக் காட்டிவிட்டார். பேரேட்டில் எழுதிவிடலாமா?" என்றார் மந்திரி.

ராஜா ஏணியில் தொங்கியபடியே விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கீழே இறங்கி உய்யக்கொண்டான் முன்னால் போய் நின்றான்.

"மேலேயிருந்து உன்மேல் என்ன ஊற்றினார்கள்?"

"கொதிக்கிற எண்ணெய், சாமி."

"நீ ஏன் ஓடவில்லை?"

"ஏணியில பதினோரு பேர் இருந்தாங்களே."

ராஜா அன்றைக்குச் சொன்னதை மட்டும் மாலையில் மாற்றவில்லை. படைவீரர் வழக்குக்கென்றே தனியாக ஒரு சபை வைத்தான். சட்டம் தெரிந்தவர் ஒருவர், சண்டையில் நின்றவர் இருவர். வழக்குச் சொல்ல வருகிறவருக்கு ஆசனம் உண்டு. உய்யக்கொண்டானுக்கு நிலம் வந்தது. அவன் ஊர்த் தேரடியில் நின்று, "நான் எழுதியது தப்பு" என்று பறையறைந்து ராயரே தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருஷம் வடத்தின் முதல் பிடி கிழவனுக்கு.

சபையில் உட்கார ராஜா அவனையே கூப்பிட்டான். முதல் நாள் வழக்குக்கு வந்தவன் கை வெந்துபோன படைச் சமையல்காரன். "ஆயுதம் பட்ட காயம் இல்லைன்னு தள்ளிட்டாங்கய்யா" என்று வாசலிலேயே தயங்கி நின்றான்.

உய்யக்கொண்டான் எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்தான். "சோறு தின்னாம எந்தச் சண்டையில நின்னோம்? வந்து உட்காருங்க அண்ணே. மெதுவாச் சொல்லுங்க."